இன்னொன்று ஓடிக்கொண்டிருந்தது

மாதுங்கா,
18-11-1946

உங்களுக்கு ஷ்யாமளா நமஸ்காரம்.

இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று ஆரம்பிப்பதுதான் வழக்கம். சௌக்கியமில்லை. நான் செம்பூரை விட்டு அம்மா வீட்டுக்கு வந்து பத்து நாளுக்கு மேலாகிறது, நீங்கள் ஒரு கார்டு போடவில்லை. நீங்கள் ப்ளேன் ஓட்டுவதற்காகக் கோபித்துக்கொண்டு வந்தவளும் நான், முதலில் எழுதுகிறவளும் நான். மானம் கெட்டவள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று அப்பா ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "இருபது வருஷமா நான் கணக்கெழுதற சேட், என் மாப்பிள்ளையைக் கேட்டுண்டுன்னா ப்ளேன் வாங்கறார்!" என்று மாடி முழுக்கக் கேட்கும்படி சொன்னார். யுத்தத்தில் மிஞ்சியதை விற்கிற டிஸ்போசலில் வல்லப்தாஸ் சேட் இரண்டு விமானம் பார்த்து வைத்திருக்கிறாராம். ஒன்றுக்கு ஒரே எஞ்சின், மற்றதற்கு இரண்டு. சேட்டுக்கு இரண்டு எஞ்சினில்தான் ஆசையாம். கூட உட்கார்ந்து ஓட்டப்போகிற நீங்கள்தான் ஒன்று போதும் என்று அடித்துச் சொல்கிறீர்களாம். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

என் அண்ணா ஜம்பு பர்மாக் காட்டின்மேல் போனது எதில் என்று உங்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டுமா? ஒற்றை எஞ்சின். 'எஞ்சின் கோளாறு' என்று தந்தி வந்தது, அவ்வளவுதான். இன்னொரு எஞ்சின் இருந்திருந்தால் இன்றைக்கு அவன் இந்தக் கூடத்தில் உட்கார்ந்து காப்பியில் சர்க்கரை போதவில்லை என்று கத்திக்கொண்டிருப்பான்.

நம் வீடுகளில் எப்போது ஒற்றைத் திரி போட்டு விளக்கேற்றுவோம்? பிணத்தின் தலைமாட்டில். வெற்றிலையைக்கூட யாருக்கும் ஒற்றையாகக் கொடுக்கமாட்டோம். உயிரை மட்டும் ஒற்றையில் வைத்துக்கொண்டு ஆகாயத்தில் போவீர்களா?

பறக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் கேட்கிற ஜாதியுமில்லை நீங்கள். இரண்டு எஞ்சின் என்று ஒப்புக்கொள்ளுங்கள், அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறேன்.

ஷ்யாமளா


செம்பூர்,
21-11-1946

சௌ. ஷ்யாமளாவுக்கு நாணுவின் ஆசீர்வாதம்.

இவ்விடம் க்ஷேமம் என்று பேர். ரேஷன் அரிசி நீ வைத்த இடத்திலேயே இருக்கிறது, அதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியாததால். காலையில் குர்லாவில் ஒரு வண்டி, தாதரில் ஒரு வண்டி மாறி ஜூஹு விமானத் தளத்துக்குப் போகிறேன். தாதரில் இரண்டு இட்லி. சாயங்காலம் அதே இட்லி, கொஞ்சம் வயசானது.

கார்டு போடாதது தப்புதான். கார்டில் சண்டை போட்டால் தபால்காரன் படிப்பானே என்று பார்த்தேன்.

இப்போது நீ கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும். ஒற்றை மாட்டு வண்டியில் மாடு படுத்துவிட்டால் வண்டி நின்றுபோகும். இரட்டை மாட்டு வண்டி ஓடும்போது ஒரு மாடு விழுந்தால்? நிற்காது. விழாத மாடு இழுக்க இழுக்க, வண்டி விழுந்த மாட்டின் பக்கம் முறுக்கிக்கொண்டு பள்ளத்தில் போகும். ப்ளேனும் அப்படித்தான். ஒரே எஞ்சின் நின்றால் அது கல்லைப் போல விழாது. மூக்கைத் தாழ்த்தினால் சறுக்கிக்கொண்டு இறங்கும். வயலோ மணலோ கிடைத்தால் போதும், சக்கரம் உடையும், ஆள் நடந்து வருவான். நானே இருமுறை அப்படி நடந்து வந்திருக்கிறேன், உன்னிடம் சொன்னதில்லை.

இரண்டு எஞ்சினில் ஒன்று நின்றால், மற்றது ஒரு பக்கம் மட்டும் இழுக்கும். உயரமும் வேகமும் இருந்தால் சமாளிக்கலாம். கடலுக்கு மேலோ, ஜம்பு போன மாதிரி காட்டுக்கு மேலோ போகிறவனுக்கு இரண்டு நல்லதுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தரையை விட்டுக் கிளம்பி ஒரு தென்னை உயரத்தில் இருக்கும்போது நின்றதோ, நல்ல எஞ்சின்தான் எமன். ப்ளேனைக் குப்புறப் புரட்டிவிடும். அப்போது பிழைக்க ஒரே வழி, ஓடுகிற எஞ்சினையும் நம் கையாலேயே அடக்கிவிட்டு நேரே எதிரில் இறங்குவது. சொன்னால் சுலபம். ஓடுகிற ஒன்றை அணைக்க யாருக்குக் கை வரும்?

ராணுவத்தில் மாசக்கணக்கில் பழக்கி ஏற்றுவார்கள். நம் சேட்டோ போன வருஷம்தான் லைசென்ஸ் வாங்கியவர். ஞாயிற்றுக்கிழமை ஆசைக்குப் பறக்கிறவர். அவரைப் போன்றவர்களுக்கு ஒன்றுதான் சரி. இரண்டு எஞ்சின் வைத்திருக்கிறோம் என்ற தைரியமே ஆளை முடித்துவிடும்.

வா. அரிசி வண்டு பிடிக்கப் பார்க்கிறது.

நாணு


மாதுங்கா,
25-11-1946

உங்களுக்கு நமஸ்காரம்.

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மாடு, வண்டி எல்லாம் புரிந்தது. நீங்கள் வக்கீலுக்குப் படித்திருக்கலாம்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். பகவான் ஏன் இரண்டு கண் கொடுத்தார்? ஒன்று போனால் இன்னொன்றில் பார்க்கட்டும் என்றுதானே? ஒரு கண் போனவன் மிச்சக் கண்ணையும் மூடிக்கொண்டு நடந்தால் பிழைப்பான் என்கிறீர்களே, இது எந்த ஊர் நியாயம்? அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "நன்னா ஓடறதைப் போய் அணைப்பாளோ யாராவது? பித்துக்குளித்தனமா இருக்கே!" என்றாள். அதோடு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு முழுக்க அவள் சாப்பிடவில்லை.

இருமுறை இறங்கி நடந்து வந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்து நான் சமாதானமாவேன் என்று நினைத்தீர்களா? இத்தனை நாள் சொல்லாமல் மறைத்தீர்கள் என்றுதான் எனக்குப் பட்டது.

வாதத்தில் உங்களை ஜெயிக்க என்னால் ஆகாது. எனக்காகச் செய்யுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இங்கே சமாஜத்துக் கோவிலுக்கு வாருங்கள். ஒற்றை எஞ்சின் ப்ளேனில் இனிமேல் ஏறுவதில்லை என்று அப்பா முன்னால் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணுங்கள். பண்ணினால் நான் உங்கள் பெண்டாட்டி. இல்லாவிட்டால் ஜம்புவை நினைத்துக்கொண்டு அம்மாவோடு இப்படியே இருந்துவிடுகிறேன். விளையாட்டுக்கு எழுதவில்லை.

ஷ்யாமளா


செம்பூர்,
1-12-1946

சௌ. ஷ்யாமளாவுக்கு ஆசீர்வாதம்.

அணைத்தாகிவிட்டது. உள்ளங்கையில் கொப்புளம் இருக்கிறது. நீ தூணுக்கு அந்தப் பக்கம் பெண்களோடு நின்று அழுததைப் பார்த்தேன். கிட்ட வந்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். உன் அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

நேற்று சேட்டிடம் சொன்னேன், இரண்டு எஞ்சினையே வாங்குங்கள் என்று. எழுந்து வந்து கட்டிக்கொண்டார். என் மனசு மாறக் காரணம் என்ன என்று கேட்டார். சம்சாரம் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

ஒன்றுதான் கவலை. அதை நன்றாகப் பழக வேண்டும். மேலே உயரத்துக்குக் கொண்டுபோய் ஒரு எஞ்சினை அடக்கி, மற்றதில் ஓட்டி, மறுபடி மறுபடி கை பழக வேண்டும். பெட்ரோல் ரேஷனில் அதற்கெல்லாம் எங்கே போவது என்கிறார் சேட். ஏறினால் மாதேரான் வரை போய் மலையைப் பார்த்துவிட்டு வர வேண்டும் அவருக்கு. இன்று காலை ஓட்டிப் பார்த்தபோது பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்துகொண்டு, எஞ்சின்களைக் கூட்டிக் குறைக்க நடுவிலிருக்கும் இரண்டு பிடியிலும் கை வைத்தபடியே வந்தார். பிடி அவருடையது, ப்ளேன் அவருடையது, நான் என்ன சொல்ல?

சண்டை முடிந்ததா? கார்த்திகையில் இனி நல்ல நாள் இல்லை, மார்கழியில் வரக்கூடாது என்று உன் அம்மா சொன்னாளாம். தை பிறக்கட்டும்.

நாணு


மாதுங்கா,
10-1-1947

உங்களுக்கு நமஸ்காரம்.

தை நாலாம் தேதி வெள்ளிக்கிழமை நாள் நன்றாக இருக்கிறதாம். காலையிலேயே வந்துவிடுவேன். அடுப்பை நீங்கள் துடைக்க வேண்டாம், நான் வந்து துடைத்துக்கொள்கிறேன். வண்டு பிடித்த அரிசியைக் கொட்டிவிடாதீர்கள், புடைத்தால் சரியாகிவிடும்.

அம்மா இரண்டு நாளாகச் சிரித்த முகமாக இருக்கிறாள். நீங்கள் அந்தக் கற்பூரத்தை அணைத்ததிலிருந்து எனக்கும் தூக்கம் வருகிறது. வாதத்தில் தோற்றதற்காக என்மேல் வன்மம் வைத்துக்கொள்ளாதீர்கள். சாயங்காலம் குர்லா வண்டிக்கு ஸ்டேஷனில் நிற்பேன்.

ஷ்யாமளா


மாதுங்கா,
9-2-1947

உங்களுக்கு ஷ்யாமளா நமஸ்காரம்.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நான் செம்பூர் வந்த மூன்றாம் நாளே ப்ளேன் விழுந்தது, மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். உங்களுக்கு நினைவில்லை. முகம் தவிர எங்கும் கட்டு. வராந்தாவில் சேட்டின் பிள்ளைகள் நின்றுகொண்டு, "பாபுஜியைக் கொன்றவன் உள்ளே படுத்திருக்கிறான்" என்று கத்தினார்கள். அப்பா என் கையைப் பிடித்து இங்கே இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். அப்புறம் என்னை வாசல்படி தாண்ட விடவில்லை. சேட் வீட்டு உப்பை இருபது வருஷம் தின்றவர், அவர் என்ன செய்வார். ஆபீஸில் யாரும் அவரோடு பேசுவதில்லையாம்.

உங்களுக்கு வலது கையும் இடுப்புக்குக் கீழும் என்ன ஆயிற்று என்று யாரும் எனக்குச் சரியாகச் சொல்வதில்லை.

ஜூஹுவில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்களாம். இடது எஞ்சின் நின்றது. வலது எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று அதன் சத்தமும் அடங்கிற்று, பிறகு பெரிதாகக் கேட்டது, ப்ளேன் புரண்டது. ஓட்டுகிறவன் நல்ல எஞ்சினை அணைத்துவிட்டான் என்று பேப்பரில்கூடப் போட்டுவிட்டார்கள். விசாரணை வரப்போகிறது.

நான் கேட்டுத்தான் ஆக வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை ஏன் அணைத்தீர்கள்?

ஷ்யாமளா


ஆஸ்பத்திரி, பம்பாய்,
15-2-1947

சௌ. ஷ்யாமளாவுக்கு ஆசீர்வாதம்.

என் கையால் எழுத முடியாது. பக்கத்துக் கட்டிலில் இருக்கும் ஜெயினுலாப்தீன் நான் சொல்வதை எழுதுகிறார். ஆகையால் சில விஷயங்களைச் சொல்ல மாட்டேன்.

வலது கை விரல்கள் மூன்று எடுத்துவிட்டார்கள். இடது கால் முழங்காலுக்குக் கீழ் இல்லை. வலி இருக்கிறது. சாப்பாடு இறங்குகிறது.

நீ கேட்டதற்கு. தரையை விட்டுக் கிளம்பினோம், தென்னை மரங்களின் தலை எதிரே தெரிந்தது, இடது எஞ்சின் நின்றது. வேகம் கிடையாது. வலது எஞ்சினை அடக்கினேன், எதிரே மணல், மூக்கை அதன்மேல் திருப்பினேன். எனக்குக் கை வந்தது. சேட் என் கைமேல் கை வைத்தார். "தூஸ்ரா ஹை நா! தூஸ்ரா சலாவ்!" என்று கத்தினார். இன்னொன்று இருக்கிறதே, அதை ஓட்டு என்று. என் கையோடு சேர்த்து அந்தப் பிடியை முழுக்க முன்னால் தள்ளினார். பலமான மனுஷர். வலது எஞ்சின் முழு மூச்சில் பிடித்துக்கொண்டது. ப்ளேன் இடது பக்கம் புரண்டு தலைகீழாகிவிட்டது. நான் வெளியே எறியப்பட்டேன். அவர் உள்ளே இருந்தார். தீப்பிடித்ததும் அவர் கத்தியது எனக்குக் கேட்டது.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கெட்டவரில்லை.

நாணு

அம்மா, நான் ஜெயினுலாப்தீன். தாராவியில தோல் கிடங்கில வேலை, கட்டு சரிஞ்சு இடுப்பெலும்பு முறிஞ்சு கிடக்கேன். சாமி சொன்னதை அப்படியே எழுதியிருக்கேன். உங்களை வரச் சொல்லி எழுதட்டுமான்னு கேட்டேன், வேண்டாம்னுட்டாவ. அதைக் கேட்டுக்கிட்டு இருந்துராதீங்க.


மாதுங்கா,
21-2-1947

உங்களுக்கு நமஸ்காரம்.

கடிதத்தை அப்பாவிடம் காட்டினேன். "செத்துப் போனவர் கை வச்சார்னு சொன்னா யார் நம்புவா? அவரா எழுந்து வந்து சாட்சி சொல்லப் போறார்?" என்று கேட்டார்.

நான் நம்புகிறேன். நீங்கள் பொய் சொல்லமாட்டீர்கள் என்பதால் இல்லை. அந்த ஸீட்டில் நான் உட்கார்ந்திருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன். இன்னொன்று ஓடிக்கொண்டிருக்கிறதே என்று உங்கள் கைமேல் கை வைத்துத் தள்ளியிருப்பேன். கத்தியிருப்பேன்.

இந்தக் கேள்வியை நான் கேட்கக்கூடாது என்று தினம் நினைத்துக்கொள்கிறேன். பாத்திரம் தேய்க்கும்போதும் அதுதான், குழாயடியில் நிற்கும்போதும் அதுதான். சேட் முதலில் கேட்டபோது நீங்கள் சொன்னபடி ஒற்றை எஞ்சினை வாங்கியிருந்து, அது அதே இடத்தில், அதே தென்னை மரங்களுக்கு முன்னால் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

என்னைத் தேற்றுவதற்காக எதையும் எழுதாதீர்கள். ஜெயினுலாப்தீனிடம் சொல்லியும் எழுத வேண்டாம். எத்தனை நாளானாலும் நீங்களே எழுதுங்கள்.

ஷ்யாமளா


ஆஸ்பத்திரி, பம்பாய்,
3-3-1947

ஷ்யாமளா,

இடது கையால் எழுதுகிறேன். கோணலாக இருக்கும்.

மணலில் இறங்கியிருப்போம். சக்கரம் போயிருக்கும். சேட் என்னைத் திட்டிக்கொண்டே நடந்து வந்திருப்பார். சாயங்காலம் நான் குர்லா வண்டியில் வந்திருப்பேன்.

பொய் எழுத உட்கார்ந்தேன். நாலு காகிதம் வீணாயிற்று. அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு ஆயுசு முழுக்க உன் கையால் சாப்பிட என்னால் முடியாது என்று தோன்றிற்று. உண்மையைத் தெரிந்துகொண்டு உன்னால் என்னைப் பார்க்க முடியுமா, அது எனக்குத் தெரியவில்லை.

சத்தியம் கேட்டது நீ. கேட்டதைக் கொடுத்தது நான். ஓட்டத் தெரிந்தவன் நான்தான். பழகாத ப்ளேனில் ஏறமாட்டேன் என்று சேட்டிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். இதையும் உன்னைத் தேற்ற எழுதவில்லை.

வரும் பதினேழாம் தேதி திங்கட்கிழமை விசாரணை. கட்டைக் கால் கொடுத்திருக்கிறார்கள், இரண்டு பேர் பிடித்தால் நடக்கிறேன்.

நாணு


மாதுங்கா,
14-3-1947

உங்களுக்கு ஷ்யாமளா நமஸ்காரம்.

உங்கள் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பொய் எழுதியிருந்தீர்களானால் அன்றைக்கே ஓடி வந்திருப்பேன். உண்மை வந்ததால் எழுந்திருக்க முடியவில்லை. உங்கள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நான்தான் கேட்டேன், இருந்தும் வந்தது.

நேற்று அப்பா ஆபீஸ் போனதும் சேட் வீட்டுக்குப் போனேன். சேட் சம்சாரம் ஜமுனாபென்னின் காலில் விழுந்து, இரண்டு எஞ்சின் கேட்டது என் ஆத்துக்காரர் இல்லை, நான்தான் என்று சொல்லிவிட வேண்டும். அதற்காகத்தான் போனேன். அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று தீர்மானம். பிள்ளைகள் வீட்டில் இல்லை. வளையல் இல்லாத கையோடு பாயில் உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தெரிந்த கடைத்தெரு இந்தியில் சொன்னேன்.

அவள் கோபிக்கவில்லை. "மைனே பீ போலா தா" என்றாள். நானும் சொன்னேன் என்று. ஒரே எஞ்சினில் போவதானால் என் பிணத்தைத் தாண்டிப் போங்கள் என்று புருஷனிடம் இரண்டு நாள் பட்டினி கிடந்தாளாம். சேட்டுக்கு இரண்டு எஞ்சினில் ஆசை என்று நாமெல்லாம் நினைத்தோமே, அது அவருடைய ஆசை இல்லை.

அப்புறம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். உன் புருஷனுக்கு எல்லாம் தெரியுமே, அவர் என்ன சொல்கிறார், ஒரே எஞ்சினாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. நான் உங்களைக் கேட்ட அதே கேள்வி.

ஒன்றாயிருந்தாலும் இதேதான் ஆகியிருக்கும், விதி என்று சொல்கிறார் என்றேன். அவள் முதல்முறையாக அழுதாள். ரொம்ப நேரம் அழுதாள். நான் கூடவே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தேரா தோ ஜிந்தா ஹை. இதர் க்யோன் பைட்டீ ஹை?" என்றாள். உன்னுடையவன் உயிரோடு இருக்கிறானே, நீ ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று.

திங்கட்கிழமை நீங்கள் உள்ளதைச் சொன்னால் உங்கள் பேர் நிமிரும். அவர் கை வைத்ததும், ஓடிய எஞ்சின்தான் புரட்டியது என்பதும் பேப்பரில் வரும், பிள்ளைகள் அவளுக்குப் படித்துச் சொல்வார்கள், நான் சொன்னது பொய் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் ஆயுசு முழுக்க நீங்கள் நல்ல எஞ்சினை அணைத்தவர். நீங்கள் எதைச் சொல்ல வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு தடவை கேட்டேன், கொடுத்தீர்கள். இனிமேல் உங்களிடம் எதையும் கேட்கமாட்டேன்.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். இந்த வாசலைத் தாண்டினால் திரும்பி வராதே என்றார். நமஸ்காரம் பண்ணினேன். அம்மா மட்டும் என் பெட்டியில் எதையோ வைத்து மூடினாள், நான் திறந்து பார்க்கவில்லை.

உங்களை மன்னித்துவிட்டேனா, நீங்கள் என்னை மன்னிப்பீர்களா என்றெல்லாம் நாம் பேச வேண்டாம். எனக்குப் பதில் தெரியவில்லை, உங்களுக்கும் தெரிந்திருக்காது. விசாரணை முடிந்து நீங்கள் வெளியே வரும்போது வாசலில் நிற்பேன். என்ன சொன்னீர்கள் என்று கேட்கமாட்டேன். குர்லாவில் வண்டி மாற நிறையப் படி ஏறி இறங்க வேண்டும், அதனால் கூட்டம் குறைந்தபிறகு மெதுவாகப் போகலாம்.

ஷ்யாமளா